சல்பா மருந்தை அறிந்து பயன்படுத்துவோம்

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் ஆமத்தூர். சுற்றுப்புறம் வானம் பார்த்த பூமி. மழை பொய்க்கும் ஆண்டுகளில் இவ்வட்டாரத்துக் குடும்பங்களுக்குக் கைகொடுப்பவை பட்டாசுத் தொழிலும் ஆடு வளர்ப்பும் ஆகும். இவ்விரண்டிலும் நேரும் துன்பங்களுக்கு ஒரே குலத்து மருந்துகள் உதவுகின்றன. தீப்புண்ணுக்குத் தடவும் வெள்ளைக் களிம்பும், ஆட்டுக்குட்டிகளின் இரத்தக் கழிச்சலுக்குப் புகட்டும் மருந்தும் சல்பா குலத்தைச் சேர்ந்தவையே. இவற்றின் ஆற்றலையும் எல்லையையும் நாம் ஒருங்கே அறிந்திருத்தல் அவசியமாகும்.

1932-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கெர்ஹார்டு டோமாக் என்னும் விஞ்ஞானி, ‘பிரான்டோசில்’ என்ற சிவப்புச் சாயப்பொருள் எலிகளைக் கிருமி நோயினின்றும் காப்பதைக் கண்டார். 1935-இல் இம்முடிவு வெளியாயிற்று. அச்சாயம் உடலில் பிரிந்து உண்டாகும் சல்பனிலமைடு என்னும் பொருளே கிருமியை அடக்குகிறது என்பதைப் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலைய ஆய்வாளர்கள் அதே ஆண்டில் கண்டறிந்தனர். டோமாக்குக்கு 1939-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பெனிசிலின் பரவலாகக் கிடைப்பதற்கு முன்னரே எண்ணற்ற உயிர்களைக் காத்த பெருமை இம்மருந்துகளுக்கு உண்டு.

இம்மருந்து வேலை செய்யும் விதம் யாது? பல கிருமிகள் பெருகுவதற்குப் போலிக் அமிலம் என்னும் சத்து தேவை. அதனை அவை தாமே ஆக்கிக்கொள்கின்றன. அதற்குரிய மூலப்பொருளின் சாயலை உடையது சல்பா. கிருமி ஏமாந்து அதனை ஏற்கிறது. அரிசியென்று கல்லை உலையிலிட்டவன் கதியே அதற்கும் நேர்கிறது. நாமோ அந்தச் சத்தைக் கீரை, பயறு முதலிய உணவிலிருந்து பெறுகிறோம். ஆகவே இத்தடை நம்மைப் பெரிதும் பாதிப்பதில்லை. மருந்து கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கும். எஞ்சியவற்றை ஒழிப்பது உடலின் சொந்த வலிமையே ஆகும்.

1968-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஃபாக்ஸ், சல்படயசீன் என்னும் மருந்தோடு வெள்ளியைச் சேர்த்துத் தீப்புண்ணுக்கு உரிய மருந்தாக்கினார். தோல் கருகிய இடம் கிருமிகளுக்குத் திறந்த வாயில் போன்றது. தீயினின்று தப்பியவர் பின்னர்க் கிருமித் தொற்றால் மடிவது உண்டு. அத்தொற்றைத் தடுக்கவே நூற்றுக்கு ஒரு பங்கு மருந்து கலந்த இக்களிம்பு பயன்படுகிறது.

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய வட்டாரத்தில் ஒவ்வொரு வீட்டினரும் முதலுதவி முறையை மனத்திற் கொள்ளவேண்டும். களிம்பு முதலுதவி அன்று, தண்ணீரே முதலுதவி. உடலில் உலர்ந்த மருந்துப்பொடி ஒட்டியிருப்பின் அதைத் தட்டிவிட்டு, புண்ணின் மீது குளிர்ந்த தூய நீரை இருபது நிமிடம் ஓடவிடுக. பனிக்கட்டி வைத்தல் கூடாது. வீக்கம் காணுமுன் வளையல், மோதிரங்களைக் கழற்றுக. புண்ணோடு ஒட்டிய துணியைப் பிய்த்தல் ஆகாது. பேனா மை, பற்பசை, எண்ணெய் எதையும் பூசாமல், தூய துணியால் மூடி, 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

மருத்துவர் காணுமுன் களிம்பு தடவினால், அது புண்ணின் மேல் படலமாகப் படிந்து ஆழத்தை மறைத்துவிடும். மேலெழுந்தவாரியான சிறு புண் இக்களிம்பினால் ஆறத் தாமதமாவதும் உண்டு. சல்பா ஒவ்வாதவர்களுக்கும், நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும், இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கும் இது ஆகாது.

இனித் தொழுவத்திற்கு வருவோம். ஆட்டுக்குட்டிகளுக்கும் கோழிக்குஞ்சுகளுக்கும் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரும் போலிக் அமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்வதாகும். ஆதலால் சல்படிமிடின் முதலிய மருந்துகள் அதனை அடக்குகின்றன. எனினும் கழிச்சல் யாவும் ஒரே நோயன்று. குடற்புழுவாலும் கழிச்சல் உண்டாகும். சாணத்தைச் சோதித்துக் கால்நடை மருத்துவர் உடல் எடைக்கேற்பக் கூறும் அளவே சரியான அளவு. சிறுநீரகத்தில் மருந்து உப்பாய்ப் படியாதிருக்க, குட்டிக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கவேண்டும். ஈரமான படுக்கையை மாற்றாவிடில் நோய் திரும்பவும் வரும்.

மருந்து உண்ட ஆட்டின் பாலிலும் இறைச்சியிலும் அதன் எச்சம் சில நாள் தங்கும். மருத்துவர் குறித்த நாட்கள் கழியும்வரை அவற்றை விற்பதும் உண்பதும் தவறாகும். கழிச்சல் நின்றவுடன் மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் தவறே. அரைகுறை மருந்துக்குத் தப்பிய கிருமிகள் பழகி வலுப்பெறும். பின்னர் மனிதருக்கும் கால்நடைக்கும் அம்மருந்து பயனற்றுப் போகக்கூடும்.

ஆகவே, மீந்த களிம்பையும் மருந்தையும் அடுத்த வீட்டாருக்குக் கொடுக்கும் வழக்கத்தை விட்டொழிப்போமாக. தீப்புண்ணுக்கு 108, கால்நடைக்கு 1962 என்னும் இரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் குழந்தைகளும் படிக்குமாறு பெரிதாக எழுதி வைப்போமாக.