சுவரோரத்துக் கனிமரம்

வேதபாடம்: ஆதியாகமம் 49:22; எபிரெயர் 12:11



யாக்கோபு மரணப்படுக்கையில் யோசேப்பை ஆசீர்வதிக்கும்போது, நீரூற்றண்டை வளர்ந்து சுவர்மேல் படர்கிற கனியுள்ள செடிக்கு அவனை ஒப்பிட்டான். கொடி படரும், மரம் படருமா? படரும். ஐரோப்பாவில் ஆப்பிள், பேரி மரங்களையே சுவரோடும் கம்பியோடும் சேர்த்துக் கட்டி வேலிபோல வளர்க்கிறார்கள். எஸ்பாலியர் என்று அதற்குப் பேர். பிரான்சு ராஜா 14ஆம் லூயிக்காக வெர்சாயில் 1678 முதல் 1683 வரை உண்டாக்கின தோட்டத்தில் இப்படிப்பட்ட மரங்கள் இன்றைக்கும் நிற்கின்றன. யாக்கோபு இதைத்தான் நினைத்தான் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் யோசேப்பின் ஜீவியத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியாது.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்குப் பந்தல் போடுகிறார்கள். அந்தக் கொடிக்குத் தானாக நிற்கத் தெரியாது, அதனால் பந்தல் வேணும். ஆப்பிள் மரம் அப்படியல்ல, அது தன் காலிலேயே நிற்கும். நிற்கத் தெரிந்ததை ஏன் வளைத்துக் கட்டணும்?

காரணம் இருக்கிறது. நிமிர்ந்து மேலே போகிற கிளையில் நுனிமொட்டுதான் ராஜா. தனக்குக் கீழே இருக்கிற மொட்டுகளை அது எழும்ப விடாது. கிளை நீளும், இலை விடும், காய் குறைவு. அதே கிளையைக் கிடையாக இறக்கிக் கட்டினால் நுனியின் அதிகாரம் தளர்ந்துபோகும். ஓட்டம் குறையும், பூமொட்டு பிடிக்கும். யோசேப்பு 17 வயதில் சொப்பனம் கண்டு உயரத்தைப் பார்த்தவன். பார்வோனுக்கு முன் நிற்கும்போது வயது 30. நடுவில் அடிமைத்தனம், சிறைச்சாலை. இரண்டாம் மகனுக்கு எப்பிராயீம் என்று பேர் வைத்தானே, சிறுமைப்பட்ட தேசத்திலேயே தேவன் தன்னைப் பலுகப்பண்ணினார் என்பதுதான் அதற்கு அவன் சொன்ன காரணம். அல்லேலூயா!

இனி பெற்றோரும் மூப்பரும் கவனிக்க வேண்டிய பகுதி. தோட்டக்காரன் இளங்கிளையை ஒரே நாளில் படுக்க வைக்கிறதில்லை. முதல் கோடையில் 45 டிகிரி சாய்வில் ஒரு குச்சியோடு கட்டுவான். கிளை நீளும் வரைக்கும் பொறுப்பான். இலை உதிர்ந்த பிறகுதான் மெதுவாகக் கீழ்க்கம்பிக்கு இறக்குவான். அடுத்த அடுக்குக்கு அடுத்த வருஷம். அவசரப்பட்டால் கிளை வளராமல் நின்றுபோகும், இல்லாவிட்டால் ஒடிந்துபோகும். முற்றின கிளையை வளைக்கவே முடியாது. இளம்பிராயத்தில் நுகம் சுமப்பது நல்லது என்று புலம்பல் 3:27 சொல்கிறது.

கட்டுவது மெல்லிய கயிற்றால், எட்டு போட்டு, தளர்வாக. கட்டிவிட்டு மறந்துபோகிற தோட்டக்காரன் நல்லவனல்ல. கிளை பருக்கிறது, கயிறு பருக்கிறதில்லை. வருஷாவருஷம் அவிழ்த்து இடம்விட்டுக் கட்டாவிட்டால் கயிறு பட்டையை அறுத்து கிளையையே கொன்றுபோடும். பத்து வயதுப் பிள்ளைக்குப் போட்ட கட்டுப்பாட்டை இருபது வயதிலும் அதே இறுக்கத்தில் வைத்திருக்கிற வீடுகள் நம் சபையிலும் உண்டு. “பையன் பின்வாங்கிட்டான் பாஸ்டர், ஜெபம் பண்ணுங்க” என்று கண்ணீரோடு வருகிறார்கள். ஜெபிப்போம். ஆனால் முதலாவது கயிற்றைப் பார்க்க வேண்டாமா? பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று எபேசியர் 6:4இல் தகப்பன்மாருக்குத்தானே எழுதியிருக்கிறது! கம்பி, அதாவது வசனம், மாறவேண்டியதில்லை. கயிறு நம்முடையது, நாம் கட்டினது.

ஆகஸ்டு மாதத்தில் பக்கத்துளிர்களை இரண்டு மூன்று இலை விட்டு வெட்டுவார்கள். யோவான் 15:2ஐப் பலமுறை தியானித்திருக்கிறோம், ஆகவே இங்கே விரிக்கவில்லை.

பெல்ஜிய வேலி என்று இன்னொரு விதம் உண்டு. சுமார் இரண்டடி இடைவெளியில் ஒட்டுக்கன்றுகளை நட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு கிளையாகப் பிரித்து, பக்கத்து மரத்தின் கிளைக்குக் குறுக்கே சாய்த்துக் கட்டுவார்கள். வளர்ந்தபின் வலைபோல ஆகும். நடுவில் ஒரு மரம் பட்டுப்போனால் அந்த இடத்தில் ஓட்டை தெரியும். அவரவர் தன் வீட்டுக்கு எதிரே அலங்கம் கட்டின நெகேமியா 3ஆம் அதிகாரத்தை வருகிற வெள்ளிக்கிழமை வேதபாடத்தில் படிப்போம். வாசித்துவிட்டு வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.