குறைந்த விலைத் தொட்டில் வாங்கும் முன்



பிரசவ உதவி கேட்டு நமது டிரஸ்ட்டுக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் கேட்பவை மருந்துச் செலவு, பத்தியச் சாப்பாட்டுச் செலவு, ஒரு தொட்டில். முதல் இரண்டையும் பணமாகக் கொடுத்துவிடலாம். தொட்டில் அப்படியல்ல. நாம் கொடுக்கும் பொருளில் ஒரு பச்சிளம் பிள்ளை இரவு முழுவதும் கிடக்கப் போகிறது. அது அமானிதம். அதனால் நன்கொடையாக வரும் தொட்டில்களையும், வாங்கிக் கொடுக்கச் சொல்லி நமக்குக் காட்டப்படும் மலிவான தொட்டில்களையும் சோதித்துப் பார்த்தே கொடுக்கிறோம். எதையெல்லாம் பார்க்கிறோம் என்பதை வீடுகளிலும் தெரிந்துகொண்டால் நல்லது.

முன்பு ஓட்டு வீடுகளில் விட்டத்தில் கயிறு போட்டு உம்மாவின் பழைய சேலையில் தொட்டில் கட்டினோம். இப்போது வாடகைக்குக் கிடைக்கும் காங்கிரீட் வீடுகளில் கொக்கி இருப்பதில்லை. திருவேங்கடம் பக்கம் கரிசல் பூமி. மழைக்காலத்தில் தேளும் பூரானும் வீட்டுக்குள் வரும். எனவே 'தரையில் பாய் விரித்துப் போடுங்கள்' என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது. சங்கரன்கோவில், கோவில்பட்டி கடைகளிலும் ஃபோனில் ஆர்டர் போட்டும் ஸ்டாண்டு வைத்த ஸ்பிரிங் தொட்டிலையும், நான்கு காலில் நிற்கும் கூடைத் தொட்டிலையும் மக்கள் வாங்குவது இதனால்தான். அது வீண்செலவு என்று நாம் நினைக்கவில்லை.

முதலில் விளங்க வேண்டியது குழந்தையின் கழுத்து. பிறந்த குழந்தைக்கு உடம்பை ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்துக்கு வலு இல்லை. படுக்கை சாய்வாகவோ நடுவில் குழிந்தோ இருந்தால் நாடி நெஞ்சில் போய் முட்டும். மூச்சுக்குழாய் மெல்லியது, அது மடங்கினால் காற்று போவது குறையும். இதில் அழுகையோ இருமலோ வராது என்பதே ஆபத்து. பக்கத்திலேயே படுத்திருக்கும் தாய்க்குக்கூடத் தெரியாமல் நடந்துவிடும்.

பெரிய கம்பெனி, நல்ல விலை என்பதெல்லாம் இதில் காப்பாற்றாது. அமெரிக்காவில் ஃபிஷர் பிரைஸ் நிறுவனம் 2009 முதல் 'ராக் அன் ப்ளே' என்ற சாய்வுப் படுக்கையை விற்றது. சுமார் 30 டிகிரி சாய்வு. பிள்ளைகள் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று பெற்றோர் விரும்பி வாங்கினார்கள். 2019 ஏப்ரலில் ஏறத்தாழ 47 லட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அதில் கிடந்தபோது இறந்ததாகப் பதிவான குழந்தைகள் சுமார் 100 பேர் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் அறிவித்தது. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூக்கப் படுக்கைகளை விற்கக் கூடாது என்று 2022-ல் அங்கே சட்டமே போட்டார்கள். ஆகவே படுக்கை தட்டையாக இருக்கிறதா என்பதே நம் முதல் கேள்வி. விலை, நிறம், பொம்மை தொங்குகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அண்மையில் நம்மிடம் வந்த ஒரு கூடைத் தொட்டிலை எப்படிப் பார்த்தோம் என்று சொல்கிறோம். விலை குறைவு, பார்க்க அழகு, பிரிக்காத பெட்டி. மாட்டி முடித்துச் சமதளத்தில் வைத்து, ஒரு மூலையில் கையை ஊன்றினோம். எதிர்மூலைக் கால் தரையை விட்டு எழும்பியது. பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே கிடத்தி அரை மணி நேரம் விட்டோம். அடியில் பலகை இல்லை, துணியை மட்டும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் குழி விழுந்துவிட்டது. ஐந்து கிலோ என்பது இரண்டு மாதக் குழந்தையின் எடைதான். மெத்தையின் மேல்பரப்பிலிருந்து பக்கச் சுவரை ஸ்கேலால் அளந்தோம். அமெரிக்க விதிப்படி இது குறைந்தது ஏழரை அங்குலம், அதாவது சுமார் 19 செ.மீ. இருக்க வேண்டும். இதில் ஒரு சாண்கூட இல்லை. அந்தத் தொட்டிலை நாம் யாருக்கும் கொடுக்கவில்லை. கால்களும் கம்பிகளும் அலுவலகத்தில் துணி காயப்போடப் பயன்படுகின்றன.

மலிவானது எல்லாம் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. அதே விலையில் அடியில் கெட்டிப் பலகையும், காற்றோட்டமான வலைச் சுவரும், அசையாத கால்களும் உள்ளதும் கிடைக்கிறது. மரக் கம்பித் தொட்டில் என்றால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் போனால், குழந்தை அந்தச் சந்தில் முகம் புதைக்க இடமுண்டு. மெத்தையை உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள். கையின் அச்சு அப்படியே நின்றால் அந்த மெத்தை வேண்டாம். கெட்டியாகத்தான் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு எது சுகமோ அது பச்சைக் குழந்தைக்கு ஆபத்தாக முடியும்.

தொட்டிலுக்குள் குழந்தையைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்பது மருத்துவர்கள் சொல்லும் ஒரே சுருக்கமான விதி. நம் வீடுகளில் இதைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை வைப்போம். இரண்டு பக்கமும் உருட்டுத் தலையணை வைப்போம். பார்க்க வந்தவர்கள் தந்த பொம்மையும் உள்ளேயே கிடக்கும். கழுத்தில் கயிறும் உடுப்பில் ஊக்கும் இருக்கும். தாயத்து கட்டலாமா என்ற சர்ச்சைக்குள் இங்கே நாம் போகவில்லை. கட்டுகிறவர்களும் கட்டாதவர்களும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒன்று: தூங்கும் குழந்தையின் கழுத்தில் எந்தக் கயிறும் இருக்கக் கூடாது.

மல்லாக்கப் படுக்க வைத்தால் கக்கிய பால் புரையேறிவிடும் என்று மூத்த தாய்மார் பயப்படுகிறார்கள். உண்மையில் மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கியது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிறது. 1991-ல் பிரிட்டனிலும் 1994-ல் அமெரிக்காவிலும் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று பிரச்சாரம் செய்தார்கள். அதற்குப் பின் அமெரிக்காவில் காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பத்தாண்டுக்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ஸ்பிரிங் தொட்டில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் அதுதான் அதிகம். கொக்கி வாய் திறந்திருந்தால் ஆட்டும் வேகத்தில் கழன்றுவிடும். பூட்டு வைத்த கொக்கியாகப் பாருங்கள். ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தாலோ, ஓரிடத்தில் மட்டும் சுருள் விரிந்திருந்தாலோ மாற்றிவிட வேண்டும். ஸ்பிரிங் மேல் துணி உறை போட்டிருந்தால் மூத்த பிள்ளையின் விரல் சிக்காது. உறை இல்லையென்றால் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். தொட்டில் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் தொங்க வேண்டியதில்லை.

சேலைத் தொட்டிலுக்கும் ஸ்பிரிங் தொட்டிலுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டிலும் துணி குழிந்து குழந்தை வளைந்து கிடக்கும். நாம் எல்லோரும் அதில் கிடந்து வளர்ந்தவர்கள்தானே என்று கேட்பீர்கள். அன்று கூட்டுக் குடும்பம். பக்கத்தில் ஒரு நன்னி உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். இன்று தாயும் பிள்ளையும் மட்டும் இருக்கும் வீட்டில், அவளும் அசந்து தூங்கிவிடுகிறாள். ஆகவே அழுகையை அமர்த்தப் பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது துணித் தொட்டில் போதும். தூங்கியதும் எடுத்துத் தட்டையான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். சேலையின் இரு பக்கத்தையும் விரித்துப் பிடிக்கக் கட்டை வைத்தால் முகம் மூடாது.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. சேலைத் தொட்டிலில் ஊஞ்சல் ஆடிய எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் கழுத்து இறுகி இறந்த செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறது. கைக்குழந்தை இல்லாத நேரத்தில் சேலையைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள்.

எதற்கும் வசதி இல்லாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். ஃபின்லாந்து நாட்டில் 1938-ல் ஏழைத் தாய்மாருக்கென்று தொடங்கி 1949 முதல் எல்லோருக்கும் அரசு ஒரு அட்டைப்பெட்டி கொடுத்து வருகிறது. உடுப்புகளை எடுத்துவிட்டு அடியில் சிறு மெத்தையை விரித்தால் பெட்டியே தொட்டில். நம் மாநிலத்திலும் அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மாருக்கு 2015-ல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் இருந்த 16 பொருள்களில் சிறு மெத்தையும் கொசுவலையும் உண்டு. தாயின் கட்டிலை ஒட்டி ஒரு தாழ்வான பலகை, அதன்மேல் அந்த மெத்தை, ஓரங்களைச் செருகிய வலை. பல விலை உயர்ந்த தொட்டில்களை விட இது நல்லது என்பது நமது அபிப்பிராயம்.

வாங்கும்போது பில் கேளுங்கள். பெட்டியின் மேல் தயாரித்தவரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், புகார் சொல்ல எண் ஆகியவை இருக்க வேண்டும். இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவரும், சில நேரங்களில் விற்றவரும் பொறுப்பு. போதிய எச்சரிக்கை தராததும் அதில் அடங்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் இதில் எதையும் நடத்துவது சிரமம்.

பயன்படுத்திய தொட்டிலைத் தானமாகக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. விற்பனைக்கே அப்படியென்றால் ஸதகாவுக்குக் கேட்க வேண்டியதில்லை. எந்த நட்டு தொலைந்தது, எந்தக் கால் ஒருமுறை வெல்டிங் வைத்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டிக் கொடுங்கள். கயிறு கட்டி ஒப்பேற்றிய தொட்டிலை நாம் வாங்கிக்கொள்வதில்லை.

குழந்தை தானாகப் புரளவோ, கையை ஊன்றி எழும்பவோ தொடங்கிய அன்றோடு கூடைத் தொட்டிலை நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் நாலைந்து மாதத்தில் அந்த நாள் வந்துவிடும். பிறகு அது அடுத்த வீட்டுக்கு உதவும். அப்படிக் கொடுக்க நினைப்பவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்குக் கொண்டு வரலாம். அரிசிப் பையும் ஸ்கேலும் இங்கேயே இருக்கின்றன. உங்கள் முன்னாலேயே பார்த்துச் சொல்லிவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.