அறுவைக்குப் பின் கற்க வேண்டிய பாடம்

கோவளம் பகுதியைச் சேர்ந்த ஓர் அன்பர் தம் பெயரைக் குறிப்பிடாமல் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நெடுநாளைய நீரிழிவினால் இல்லற வாழ்வுக்கு இயலாதவராகிவிட்ட அவர், மாத்திரையும் ஊசியும் பலன் தராமற் போகவே, அறுவை செய்து ஆணுறுப்பினுள் நீர் ஏற்றி இறக்கும் சாதனம் ஒன்றைப் பொருத்திக் கொண்டிருக்கிறார். சில வாரங்கள் சென்றபின் டாக்டர் அதனை இயக்கும் முறையைக் காட்டி, நாள்தோறும் பழகி வரும்படி சொல்லி அனுப்பினாராம். அன்பரோ வீட்டுக்கு வந்து ஒரு நாள்கூடப் பழகவில்லை. கையால் தொட்டு இயக்குவது பாவமாகுமோ, ஒவ்வொரு முறையும் குளிப்புக் கடமையாகுமோ, இதையெல்லாம் ஊர் ஆலிமிடம் எப்படி வாய்திறந்து கேட்பது என்ற மூன்று அச்சங்கள் அவரைத் தடுத்து நிறுத்திவிட்டன. மனைவி ஒன்றும் கேட்காமல் காத்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறார்.

இந்நிலையில் இருப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். ஆகவே இம்மூன்று அச்சங்களுக்கும் இங்கே விடை காண்போம்.

கேட்க வெட்கப்படலாமா?

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதை நாம் அறிவோம். ஆனால் மார்க்கத்தைக் கற்பதற்கு அது தடையாக நிற்கக் கூடாது. மதீனத்து அன்ஸாரிப் பெண்களைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்து சொன்னது இதைத்தான்: மார்க்க விளக்கம் பெறுவதை அவர்களுடைய வெட்கம் தடுக்கவில்லை. கோவளம் தர்காவில் அடங்கியிருப்பதாக மக்கள் போற்றி வரும் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் பெயரிலேயே அந்த அன்ஸார் என்னும் சொல் இருக்கிறது. அங்கே ஸியாரத்துக்குச் செல்வோர் இப்பண்பையும் நினைவிற் கொள்வது நல்லது.

நேரில் கேட்க நா எழாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஹஸ்ரத் அலி (ரலி) அவர்களுக்கு ‘மதீ' எனும் கசிவு அதிகமாக இருந்தது. நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளாரை மணந்திருந்ததால், தாமே கேட்பதற்குக் கூச்சப்பட்டார்கள். எனவே மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்கச் செய்தார்கள். உறுப்பைக் கழுவி உளூச் செய்தால் போதும் என்ற தெளிவான சட்டம் அதனால் நமக்குக் கிடைத்தது. நண்பர் மூலமோ கடிதம் மூலமோ கேட்பது குறையல்ல, கேளாமல் இருப்பதே குறை.

செயற்கைச் சாதனம் ஆகுமா?

மருந்து செய்து கொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்து கொள்ளுங்கள் என்றே நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அர்பஜா (ரலி) என்ற ஸஹாபி, அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து பொருத்தினார், அது துர்நாற்றம் எடுத்தது. தங்கத்தில் செய்து கொள்ளும்படி அவருக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆண்களுக்கு ஆகாத தங்கமே தேவைக்காக ஆகுமாயிற்று என்றால், ஸிலிக்கோன் முதலியவற்றால் செய்த இச்சாதனத்தைக் குறித்து ஐயம் வேண்டியதில்லை. மர்ம உறுப்பை மருத்துவரிடம் காட்டுவதும் தேவையின் அளவுக்கு அனுமதிக்கப்பட்டதே.

சாதனத்தின் அமைப்பு

1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த டாக்டர் பிரான்ட்லி ஸ்காட் என்பவரும் அவருடைய தோழர்களும் இம்முறையை உலகுக்கு அறிவித்தார்கள். உறுப்பின் இரு பக்கமும் இரண்டு நீண்ட குழாய்கள், அடிவயிற்றினுள் உப்பு நீர் நிரம்பிய ஒரு பை, விதைப்பைக்குள் ஒரு சிறு பம்ப் என மூன்று பகுதிகள் அதில் உண்டு. பம்பை அமுக்கினால் பையிலுள்ள நீர் குழாய்களுக்கு வந்து உறுப்பு விறைக்கும், விடுவிக்கும் பொத்தானை அமுக்கினால் நீர் திரும்பிச் செல்லும். எல்லாம் உடலுக்குள்ளேயே இருப்பதால் வெளியில் ஒன்றும் தெரியாது.

பம்ப் இல்லாமல், வளைத்து நிமிர்த்திக் கொள்ளும் தண்டு வகையும் உண்டு. பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ரூபின் ஷா அவர்கள் நம் நாட்டிலேயே வடிவமைத்த சாதனம் அவ்வகையைச் சேர்ந்தது. அதன் விலை குறைவு, இயக்கக் கற்க வேண்டியதும் சொற்பமே.

உணர்ச்சி, சிறுநீர் போக்கு, விந்து வெளியாதல் ஆகியவற்றைச் சாதனம் பொதுவாக மாற்றுவதில்லை. உறுப்பின் நீளத்தைக் கூட்டுவதுமில்லை. ஒருமுறை பொருத்திய பின் இயற்கையான விறைப்பு திரும்பாது என்பதால்தான், மற்ற சிகிச்சைகள் பலிக்காத பிறகு இதனைக் கடைசி வழியாக வைத்திருக்கிறார்கள்.

பழகும் முறை

புண் ஆறும் வரை வீக்கமும் வலியும் இருக்கும். அந்நாட்களில் பாரம் தூக்கலாகாது. பம்ப் மேலேறி விடாதபடி அதனைக் கீழ்நோக்கி மெல்ல இழுத்துவிடச் சில டாக்டர்கள் சொல்வதுண்டு. ஏறக்குறைய மூன்று முதல் ஆறு வாரங்களில் இயக்கக் கற்றுத் தருவார்கள். டாக்டர் அனுமதி தரும் முன் தாமாக இயக்கலாகாது.

வெந்நீரில் குளித்தபின் பழகினால் தசை தளர்ந்து, பம்ப் எளிதில் கைக்கு அகப்படும். ஒரு கையால் அதை அசையாமல் பிடித்துக் கொண்டு, மறு கையால் அடியிலுள்ள குமிழை முழுவதும் அமுக்கி விட வேண்டும். குமிழ் மீண்டும் உருண்டு நிரம்பும் வரை பொறுத்து அடுத்த முறை அமுக்க வேண்டும். முதல் ஓரிரு அமுக்கு கடினமாக இருக்கலாம், அதற்காக அஞ்ச வேண்டாம். உறுப்பு போதிய அளவு உறுதியானதும் நிறுத்தி, டாக்டர் சொன்ன நிமிடக் கணக்கு அப்படியே விட்டு வைத்து, பிறகு நீரை இறக்க வேண்டும். சில வகைகளில் பொத்தானைச் சில விநாடி அமுக்கினால் போதும். வேறு சிலவற்றில் அதை அமுக்கியபடியே உறுப்பை மெல்லப் பிழிந்துவிட வேண்டும்.

புதிதாகப் பழகுவோர் குமிழுக்கும் பொத்தானுக்கும் வேறுபாடு அறியாமல் தடுமாறுவது வழக்கம். சில நாட்களில் விரல்களே கண்டுகொள்ளும். பழகாமல் விட்டால் என்ன ஆகும்? உள்ளே வைத்த சாதனத்தைச் சுற்றி உடல் ஓர் உறைபோல் வளர்க்கிறது. ஏற்றி இறக்கிப் பழகாவிட்டால் அது இறுகி, குழாய்கள் முழுதும் விரிவதற்கும் நீர் முழுதும் திரும்புவதற்கும் இடையூறாகலாம். பல லட்சம் ரூபாய் செலவும் பட்ட வேதனையும் அப்போது வீணாகும்.

உளூவும் குளிப்பும்

இனி மஸ்அலாவுக்கு வருவோம்.

சுகம் தேடிக் கையால் இந்திரியத்தை வெளியாக்குவது வேறு, டாக்டர் சொன்னபடி சாதனத்தை இயக்கிப் பழகுவது வேறு. செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை. மருந்தாகச் செய்வதைப் பாவத்தோடு சேர்த்து எண்ணிக் கலங்க வேண்டாம்.

நீரேற்றி விறைப்பு உண்டாவதால் மட்டும் குளிப்புக் கடமையாகாது. இந்திரியம் வெளிப்பட்டால், அல்லது உறுப்பின் முனை மனைவியின் உறுப்பில் நுழைந்தால்தான் கடமையாகும். இவ்விரண்டாவதில் இந்திரியம் வெளிப்படாவிட்டாலும் கணவன், மனைவி இருவர் மீதும் குளிப்புக் கடமையே. ‘மதீ' கசிந்தால் கழுவி உளூச் செய்தால் போதும்.

ஷாஃபிஈ மத்ஹபில், திரையின்றி உள்ளங்கையாலோ விரல்களின் உட்புறத்தாலோ ஆணுறுப்பைத் தொட்டால் உளூ முறியும். விதைப்பையைத் தொடுவதால் முறியாது. பம்ப் இருப்பதோ விதைப்பையில். எனவே பம்பை மட்டும் அமுக்கினால் உளூ நிற்கும், நீரை இறக்கும்போது உறுப்பைப் பிழிந்தால் முறியும். ஹனஃபீ மத்ஹபில் தொடுவதால் மட்டும் உளூ முறிவதில்லை. தொழுகைக்குச் சற்று முன்பாக அல்லாமல் வேறு வேளையில் பழகி, பிறகு உளூச் செய்து கொள்வது இரு மத்ஹபினருக்கும் எளிது.

ரமளானில் இந்திரியம் வெளிப்படாதவரை பழகுவதால் நோன்பு முறியாது. ஆயினும் இரவில் பழகுவதே பேணுதல். அறுவை செய்த நாட்களில் நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். நீரை முழுதும் இறக்க முடியாமல் இருப்பவர் தளர்ந்த உடை உடுத்திக் கொண்டால் ஜமாஅத்தில் நிற்பதற்குத் தடையில்லை.

இல்லாளின் உரிமை

இல்லற சுகம் கணவனுக்கு மட்டும் உரியதன்று. அதனால்தான் இயலாத கணவனுக்கு ஓராண்டு தவணை தந்து, பிறகு மனைவி பிரிவு கோரலாம் என்று பிக்ஹு நூல்கள் கூறுகின்றன. நம் நாட்டின் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டமும், திருமணத்தின்போதே இருந்து நீடிக்கும் இயலாமைக்கு அவ்வாறே ஓராண்டு தவணை அளிக்கிறது. ஓராண்டுக்குள் குணமாகும் வழி தேடுவது கணவனின் பொறுப்பு என்பது இதன் கருத்து.

ஆகவே மனைவியை இருட்டில் வைக்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது உடன் அழைத்துச் செல்லுங்கள். விரல் வலுவிழந்தவருக்கு மனைவியே பம்பை இயக்கி உதவலாம், இருவருக்குள் மறைப்பு இல்லை. ஷாஃபிஈகளாயின் பிறகு இருவரும் உளூச் செய்து கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை

காய்ச்சல், சிவந்த வீக்கம், சீழ், குறையாமல் கூடி வரும் வலி, பம்ப் தோலோடு ஒட்டிக் கொள்ளுதல் ஆகியவை கிருமி தொற்றியதன் அடையாளமாக இருக்கலாம். உடனே அறுவை செய்த டாக்டரிடம் செல்ல வேண்டும். நீரிழிவுள்ளவர் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைப்பது இதற்கும் காவல். பிற்காலத்தில் சிறுநீர்க் குழாய் போட நேரிட்டால், சாதனம் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பள்ளிவாசல் இமாம்களும் இத்தகைய கேள்வியோடு வருபவரைத் தனியே அமர்த்தி, முகம் சுளிக்காமல் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். பதில் கிடைக்காத ஒருவர், சிகிச்சையையும் இழந்து குடும்பத்தின் அமைதியையும் இழக்க நேரும்.

வல்ல அல்லாஹ் நோயுற்றோருக்குப் பூரண ஷிபாவையும், கணவன் மனைவியரிடையே அன்பையும் இரக்கத்தையும் அருள்வானாக. ஆமீன்.