ஆஸ்பத்திரி மெஷினுக்கும் வைத்தியம் வேணும்



குரங்கணி மேட்டிலிருந்து ஒரு நோயாளியைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்க்கும் பாடு நமக்குத் தெரியும். வந்த இடத்தில் "மெஷின் ரிப்பேர்" என்றால்?

இசிஜி மெஷினில் ஒரு ஒயர் அறுந்தாலே படம் சரியா வராது. பச்சைப் பிள்ளையைக் கதகதப்பாக வைக்கும் வார்மரில் சூடு அளக்கும் சென்சார் தப்பாகக் காட்டினால் பிள்ளைக்கே ஆபத்து. இவற்றைச் சோதித்து, அளவு சரிபார்த்து, பழுது நீக்குவதுதான் பயோமெடிக்கல் வேலை. உடல் பலத்தை விடப் பொறுமை அதிகம் வேணும். ஏலக்காய் தரம் பிரிக்கிற கைகளுக்கு அது புதுசா என்ன?

பத்தாவது தேறினால் பாலிடெக்னிக்கில் 3 வருட டிப்ளமோ சேரலாம். ஐடிஐ முடித்தவர்கள் நேராக 2ஆம் ஆண்டில் சேர வழி உண்டு. பயோமெடிக்கல் பிரிவு எல்லாக் கல்லூரியிலும் கிடையாது; எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களும் இந்த வேலைக்கு வருகிறார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குப் போடியிலேயே, 2012இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவு இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணின் மேற்படிப்புக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது.

"ஆறே மாசம், உடனே ஆஸ்பத்திரி வேலை" என்று நோட்டீஸ் வந்தால் குழுக் கடன் எடுத்துக் கட்டிவிடாதீர்கள். அரசு அங்கீகாரம் உண்டா, எந்த ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி என்று முதலில் எழுத்தில் கேளுங்கள்.