கேலரியின் கடைசிப் படிக்கும் கேட்க வேண்டும்

கேள்வி: எங்கள் ஊர் மைதானத்தில் வருடா வருடம் கபடியும், தை மாதத்தில் ரேக்ளாவும் நடத்துகிறோம். இப்போது 2,000 பேர் வருகிறார்கள். இரண்டு பக்கமும் கேலரி கட்டி, போகப்போக 10,000 பேர் உட்காரும்படி செய்ய எண்ணம். போன முறை பெரிய ஆம்ப்ளிஃபையரும் பெரிய பாக்ஸ்களும் வாடகைக்கு எடுத்தோம். மேடைக்கு முன்னால் காதைப் பிளந்தது. கடைசியில் இருந்தவர்களுக்கு ஒரு பெயர்கூடப் புரியவில்லை. சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்கிறார்கள். எத்தனை ஆயிரம் வாட்ஸ் வாங்கினால் போதும்?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: வாட்ஸ் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கடைசிப் படியில் உட்காருகிறவருக்கு ஸ்பீக்கர் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஆம்ப்ளிஃபையரின் வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். ‘கொஞ்சம் கூடியிருக்கிறதோ’ என்று காது சந்தேகப்படும், அவ்வளவே. திறந்த வெளியில் தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் கூடும். 40 மீட்டர் தள்ளி நின்ற பாக்ஸை 20 மீட்டருக்குக் கொண்டுவந்தால், 500 வாட்ஸை 2,000 வாட்ஸ் ஆக்கியதற்குச் சமம். கம்பம் நட ஆகும் செலவு எங்கே, அந்த ஆம்ப்ளிஃபையரின் விலை எங்கே! அதனால் பெரியதாக இரண்டு வாங்குவதைவிடச் சிறியதாக இருபது வாங்கி, மக்களுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இருபதை வெறுமனே கட்டிவிட்டாலும் ஆகாது. உங்கள் ரேக்ளாவையே எடுத்துக்கொள்வோம். 300 மீட்டர் ஓட்டம். பாதை நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் பாக்ஸ். மைக்கில் “காளைகள் கிளம்பியாச்சு” என்றதும் எல்லா பாக்ஸும் ஒரே நொடியில் பேசும். நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். எல்லைக்கோட்டில் நிற்பவருக்குப் பக்கத்துக் கம்பத்தின் சத்தம் உடனே கேட்கும். 100 மீட்டர் தள்ளியிருக்கும் கம்பத்தின் சத்தம் 0.29 விநாடி கழித்து வரும். தொடக்கக் கோட்டுக் கம்பத்தின் சத்தம் முக்கால் விநாடிக்கும் மேல் தாமதித்து வரும். சொன்னதே மூன்று நான்கு முறை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் யாருக்குத்தான் புரியும்? சுமார் 30 மில்லி விநாடிக்குள் வந்து சேரும் இரண்டு சத்தங்களை நம் காது ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். 50-ஐத் தாண்டினால் பேச்சு இரட்டிக்கத் தொடங்கும்.

இதற்கு மருந்து ‘டிலே’. சிறிய டிஜிட்டல் பிராசஸர் ஒன்று, தூரத்துக் கம்பங்களைக் காத்திருந்து பேச வைக்கும். மைக் இருக்கும் முனையிலிருந்து ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 2.9 மில்லி விநாடி. பாக்ஸ்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். எதிரெதிராகத் திருப்பினால் இந்தக் கணக்கு உதவாது.

கேலரிக்கு வேறு ஏற்பாடு. கோவை நேரு ஸ்டேடியத்தில் இருப்பதுபோன்ற 400 மீட்டர் ஓடுபாதை, எட்டு தடங்களோடு குறுக்கே 90 மீட்டருக்கு மேல் வரும். இந்தப் பக்கத்திலிருந்து எதிர்க் கேலரிக்குச் சத்தத்தை வீசினால் கால் விநாடிக்கு மேல் தாமதம். 2019 மார்ச்சில் சென்னை சிட்டி கால்பந்து அணி அங்கே ஐ-லீக் கோப்பையை வென்ற நாள்போல ஒரு கூட்டம் ஆர்ப்பரித்தால், அப்படி வீசிய அறிவிப்பு எடுபடாது. அந்தந்தக் கேலரிக்கு அதன் தலைக்கு மேலேயே ஸ்பீக்கர் கட்டி, படிகளைப் பார்த்துச் சாய்த்துவிடுங்கள். லைன் அரே (ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும் ஸ்பீக்கர் வரிசை) வாங்கச் சொல்லி யாராவது வருவார்கள். கச்சேரிக்கு அது அருமையான கருவி. சுற்றிலும் ஆள் உட்காரும் மைதானத்தில் பேச்சுக்கு அது முதல் தேவையில்லை.

காற்றை மறந்துவிடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும் ஊர் உங்களுடையது. காற்றுக்கு எதிராகப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து, தூரத்தில் நிற்பவரின் தலைக்கு மேலே போய்விடும். ஸ்பீக்கரை அருகில் வைக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

இனி, வளர்வதற்கு வழி. முதல் வருடம் பெட்டிகளைவிடக் குழாய்களுக்குப் பணம் ஒதுக்குங்கள். கேலரிக்கு அஸ்திவாரம் போடும்போதே, பின்னால் வரப்போகும் பகுதிகளுக்கும் சேர்த்து பிவிசி பைப் புதைத்து, உள்ளே இழுகயிறு விட்டுவையுங்கள். மின்சார ஒயரோடு சேர்த்து இழுக்க வேண்டாம்; இரைச்சல் ஏறும். ஸ்பீக்கர்களை 100 வோல்ட் லைனில் ஓட்டுங்கள். 1930களில் நீலகிரியின் பைக்காரா மின்சாரத்தை உயர் அழுத்தத்தில்தான் கோவை மில்களுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கும் அதே தத்துவம்: வோல்டேஜ் கூடினால் ஆம்பியர் குறையும், நீண்ட ஒயரில் இழப்பும் குறையும். 20 வாட்ஸில் இருபது ஸ்பீக்கர் என்றால் 400. ஆம்ப்ளிஃபையர் 500 வாட்ஸ் இருக்கட்டும். கிழக்குக் கேலரி, மேற்குக் கேலரி, வாசல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப்ளிஃபையர். புதுக் கேலரி வந்தால் இன்னொன்றைச் சேர்த்தால் போதும். பழையதைத் தொட வேண்டாம்.

கூம்பு வடிவ ஒலிபெருக்கி கட்டாதீர்கள்; தமிழ்நாட்டில் அதற்குத் தடை. ஒலி மாசு விதிகள், 2000 படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மைதான எல்லையில் அளவு, அந்தப் பகுதிக்கு விதித்த வரம்புக்கு மேல் 10 டெசிபல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. சிறிய ஸ்பீக்கர்களைப் பக்கத்தில் வைத்தால் ஊருக்குள் சத்தம் கசிவதும் குறையும்.

வாசலுக்கு வெளியேயும் ஸ்பீக்கர் வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசலருகே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். நெரிசல் எப்போதும் உள்ளே ஆரம்பிப்பதில்லை. வாசல் லைனுக்கு மட்டும் தனி பேட்டரி இருக்கட்டும். கரண்ட் போனாலும் “நில்லுங்கள், பின்னால் போங்கள்” என்ற குரல் கேட்க வேண்டும்.

எல்லாம் கட்டி முடித்ததும் ஒரு சோதனை. கூட்டம் நிறைந்த நாளில் பள்ளிப் பிள்ளைகள் சிலரைக் காகிதமும் பேனாவுமாகக் கடைசிப் படியில் உட்கார வையுங்கள். மைக்கில் “கால், பால், வால்” என்று ஒத்த ஓசையுள்ள இருபது சொற்களை நிதானமாக வாசியுங்கள். பதினெட்டுக்குக் குறைவாக எழுதினால் வால்யூமைத் தொடாமல் முதலில் பாஸை (தாழ்ந்த ஒலியை) குறையுங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவை அதுதான் விழுங்குகிறது. அதன் பிறகும் குறைந்தால், அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பம் நட வேண்டியிருக்கிறது.