பூகோளப் பட்டம்: வரவும் கடனும்

தேக்காவில் மளிகையோ அரபுத் தெருவில் ஜவுளியோ வைத்து நடத்தும் நம் சகோதரர்கள், ஒரு சரக்கைக் கொள்முதல் செய்யுமுன் மூன்று கேள்வி கேட்பார்கள். அடக்கம் என்ன? எத்தனை நாளில் விற்கும்? விற்காவிட்டால் என்ன செய்வது? ஆனால் வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகம் போகப் புறப்படும்போது இந்தக் கேள்விகள் மூன்றும் எங்கோ ஒளிந்துகொள்கின்றன. ஒன்று, பட்டம் என்றால் பட்டந்தான் என்று பணத்தைக் கொட்டுகிறோம்; அன்றேல், பாடத்தின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் முகத்தைச் சுளிக்கிறோம்.

டன்லப் தெரு அப்துல் கபூர் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்த முதலாளி ஒருவர் எம்மிடம் மனம்விட்டுச் சொன்னார்: "கணக்கியல் படித்தாலாவது கடைக்கு ஆகும். இவன் பூகோளம் படிக்கிறேன் அத்தா என்கிறான். படித்துவிட்டு மேப்பு விற்கப் போகிறானா?" கேலியாகச் சொன்னாரேயொழிய அவர் குரலில் கவலை இருந்தது. அவர் கேட்ட கணக்கையே இங்கே எழுதுகிறோம்.

முதலில் சரக்கு இன்னதென்று பார்ப்போம். சிங்கப்பூரில் இப்பாடத்துக்கு வயது அதிகம். 1928ஆம் ஆண்டு ராபிள்ஸ் கல்லூரியில் தொடங்கிய பூகோளத் துறையே, 1949இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும், 1962இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்திலும், 1980 முதல் தேசியப் பல்கலைக்கழகத்திலும் தொடர்ந்து வந்திருக்கிறது. மலைகளையும் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்யும் படிப்பு என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது பழைய பள்ளிக்கூட ஞாபகம். இன்று அங்கே துணைக்கோள் படங்களைக் கணினியில் ஏற்றி, நிலம், மழை, ஜனத்தொகை, போக்குவரத்து ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கக் கற்றுத்தருகிறார்கள். கடல் மட்டம் உயர்வதிலிருந்து இத்தீவைக் காக்க நூறாண்டுகளில் பத்தாயிரம் கோடி வெள்ளி பிடிக்கலாம் என்று 2019இல் பிரதமர் லீ சியன் லூங் சொன்னாரல்லவா? அந்த வேலையில் பொறியாளருக்குப் பக்கத்தில் இவர்களுக்கும் நாற்காலி உண்டு. சிராங்கூன் ரோட்டில் எந்தக் கட்டடம் நிற்கும், எங்கே எந்தத் தொழில் நடக்கலாம் என்று வகுக்கும் நகரச் சீரமைப்பு ஆணையத்தின் வேலையும் இந்தப் படிப்போடு ஒட்டியதே. வாடகை ஏன் ஏறுகிறது என்று நாம் ஆச்சரியப்படுகிறோம். அவர்கள் அதைப் பாடமாகவே படிக்கிறார்கள்!

இனி அடக்க விலை. அரசாங்கத்தின் கல்விக் கட்டண மானியம் பெறும் சிங்கப்பூர்க் குடிமகனுக்கு, தேசியப் பல்கலைக்கழகக் கலைப் படிப்புக்கு அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய 8,250 வெள்ளி ஆண்டுக் கட்டணம். நான்காண்டுக்கு 33,000. பலர் இதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். ஆனால் பில்லில் வராத செலவே பெரிது. அதே பிள்ளை அந்த நான்காண்டும் மாதம் 2,500 வெள்ளிக்கு வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். 1,20,000 வெள்ளி ஆகிறது. கட்டணத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல்! ஆகவே இதில் போடும் முதலில் பெரும்பங்கு பணமன்று, காலம். தேசிய சேவையை முடித்துவரும் ஆண்பிள்ளைக்கு அந்தக் காலத்தின் விலை இன்னும் கூடுதல். ஓராண்டு வீணாகத் தங்கிப் படிப்பதும், பாதியில் விட்டுவிடுவதும் கட்டண உயர்வைவிட மோசமான நட்டம்.

வரவு என்ன? பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வை வெளியிடுகின்றன. 2024இல் முடித்தோரில் முழுநேர நிலையான வேலை கிடைத்தவர்களின் நடுச் சம்பளம் 4,500 வெள்ளி. இந்த எண்ணை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். நடுச் சம்பளம் என்பது வரிசையில் நடுவே நிற்பவரின் சம்பளம். பாதிப் பேர் அதற்குக் கீழே. வேலை தேடியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது பேருக்கே அவ்வித வேலை ஆறு மாதத்தில் கிடைத்தது. மற்றவர்கள் அந்த எண்ணுக்குள் வரவில்லை. எல்லாத் துறையும் கலந்த கணக்கு அது. கலைப் பட்டதாரிகள் அதற்குக் கீழே நிற்பதே வழக்கம். தேசியப் பல்கலைக்கழகத்துப் பட்டியலைப் பட்டத்தின் பெயரால் போடுகிறார்களேயன்றிப் பாடத்தின் பெயரால் அன்று. பூகோளத்துக்கென்று தனிப் பத்தியைத் தேடினால் அகப்படாது. ஆதலின் 3,500 என்றே எழுதுவோம். மத்திய சேமநிதிக்கு நூற்றுக்கு இருபது போனால் கையில் 2,800.

ஆசிரியர் வேலையை நம்மவர்கள் இளக்காரமாகப் பேசுவதுண்டு. அது தவறு. பட்டத்துக்குப் பின் ஆசிரியப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால் பயிற்சிக் கட்டணத்தைக் கல்வியமைச்சே ஏற்றுச் சம்பளமும் கொடுக்கிறது. பதிலுக்கு மூன்றாண்டு ஒப்பந்தம். உயர்நிலைப் பள்ளிகளில் பூகோளம் இருக்கும்வரை இந்தக் கதவு இருக்கும். லில்லி கோங் அம்மையார் இதே துறையில் படித்து, 2019இல் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார் என்பதும் மெய்தான். ஆனால் ஒரு கடைக்காரர் கோடீஸ்வரரானதைப் பார்த்து யாரும் கடை வைப்பதில்லை.

கடனுக்கு வருவோம். வங்கி வழியாகத் தரப்படும் அரசாங்கக் கல்விக் கடன், மானியம் போக உள்ள கட்டணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை கிடைக்கும். நம் கணக்கில் 29,700 வெள்ளி. படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. படிப்பு முடிந்ததும் ஏறத் தொடங்கும். கட்டி முடிக்க இருபதாண்டு வரை அவகாசமும் உண்டு. நூற்றுக்கு நாலரை வட்டி என்று கணக்குக்காக வைத்தால், ஐந்தாண்டில் அடைக்க மாதம் 554 வெள்ளி. வட்டி மொத்தம் 3,500 சொச்சம். இருபதாண்டுக்கு இழுத்தால் மாதம் 188தானே என்று இனிக்கும். வட்டியோ 15,000ஐத் தாண்டும். 2,800 கையில் வரும் பிள்ளைக்கு 554 கடினமே, ஆயினும் முடியாததன்று.

வட்டி என்றதும் நம்மவருக்கு நெஞ்சு உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும். படிக்கும் காலத்தில் வட்டியில்லை என்பதைக் கவனியுங்கள். நாற்பத்தெட்டு மாதமும் 619 வெள்ளி தனியே ஒதுக்கி வந்தால், வட்டி ஏறுமுன் முழுத்தொகையையும் ஒரே நாளில் கட்டிவிடலாம். மொத்த வியாபாரியிடம் தவணைக்குச் சரக்கெடுத்துத் தவணை நாளில் பணம் கொடுக்கும் முறைதான் இது. ஒப்பந்தத்தில் வட்டி வாசகம் இருக்கும்போது கையெழுத்திடலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நல்லது. பிரிட்டனிலும் இதே சங்கடம். வட்டியில்லாக் கல்வி நிதிக்கு 2017இல் அங்கே சட்டத்தில் இடம் செய்தார்கள். பின்னரும் பல ஆண்டுகள் அது மாணவர் கைக்கு எட்டவில்லை.

சேமநிதியிலிருந்து எடுக்கலாமே என்பீர்கள். சாதாரணக் கணக்கில் நூற்றுக்கு நாற்பது வரை எடுத்துப் பிள்ளையின் கட்டணம் கட்டலாம். பிள்ளை வட்டியோடு திருப்பிக் கட்டும் தொகை உங்கள் கணக்குக்கே வந்து சேரும். ஆனால் சொந்தக் கடைக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுயதொழில் செய்பவர் கட்டாயமாகக் கட்டுவது மெடிசேவ் மட்டுமே. முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவரின் சாதாரணக் கணக்கைத் திறந்தால் காலியாகக் கிடக்கும்! வீட்டம்மா சம்பளத்துக்கு வேலை செய்பவராயின் அவர் கணக்கு உதவும்.

இதற்கெல்லாம் முன்னதாக உதவித்தொகைக்கு மனுப் போடுங்கள். அரசாங்க உதவித்தொகையில் குடும்ப வருமானத்தைத் தலைக்கு வகுத்துப் பார்க்கிறார்கள். பாட்டியும் ஐந்து பிள்ளைகளும் உள்ள வீட்டில் தலைவருமானம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். வேலைக்குப் போகும் நம்மவர் சம்பளத்திலிருந்து மெண்டாக்கிக்கும் சிண்டாவுக்கும் மாதாமாதம் பணம் போகிறது. இரண்டு வாசலிலும் விசாரிப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வெளிநாட்டு மோகம் வேறு கணக்கு. இங்கே இடம் கிடைக்கவில்லையென்று அதே பூகோளத்தை இங்கிலாந்தில் படித்தால், வெளிநாட்டு மாணவர் கட்டணம் ஆண்டுக்கு 20,000 பவுனைத் தாண்டும். சாப்பாடு, அறை சேர்த்து மூன்றாண்டில் ஒன்றரை லட்சம் வெள்ளி சாதாரணமாகப் போய்விடும். திரும்பி வந்து நிற்பதோ அதே 3,500 வெள்ளி வரிசையில். கடையை அடமானம் வைத்து அனுப்ப நினைப்பவருக்கு எம் பதில், வேண்டாம் என்பதே. உள்ளூரில், மானியத்தோடு, பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் மெய்யான பிடிப்பிருந்தால், தாராளமாகச் சேர்க்கலாம். பள்ளிவாசல் முதலாளிக்கும் அதையே சொன்னோம்.

அவர் இன்னொன்று கேட்டார். வங்கிக் கடனுக்கு ஜாமீன் போடவேண்டுமாமே, கடைப் பங்காளியைப் போடச் சொல்லலாமா என்று. வேண்டாம் என்றோம். பிள்ளை தவணை தவறினால் வங்கி ஜாமீன்தாரரிடம் வரும். கல்லாவில் பக்கத்தில் உட்காருபவரிடம் அந்தக் கடுதாசி போய்ச் சேரக்கூடாது. சம்பள வேலையிலுள்ள மைத்துனர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அவரைப் பார்க்க அன்று மாலையே புறப்பட்டார்.