தானாக எதுவும் செய்யாத விமானம்



தை மாதம். வடக்கனந்தலில் அறுவடை முடிந்து, வயல்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. மேற்கே கல்வராயன் மலை நீலச் சுவர் போல நிற்கிறது. வயலின் நடுவே, கையில் ஒரு சிறு பெட்டியுடன் நீங்கள் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெட்டியிலுள்ள இரண்டு குச்சிகளை அசைத்தால், வானொலி அலைகள் பாய்ந்து சென்று வானத்தில் பறக்கும் ஒரு மாதிரி விமானத்தைத் திருப்புகின்றன. பயிற்சி விமானத்தை ஓட்ட நன்கு கற்றுக்கொண்டுவிட்டீர்கள். இனி, துல்லிய வான்சாகசப் போட்டிக்கு முதல் விமானம் வாங்க வேண்டும்.

மேசைமீது நான்கு விமானங்கள் இருக்கின்றன. முதலாவது, உடலுக்கு மேலே இறக்கை அமைந்த பயிற்சி விமானம். இரண்டாவது, உண்மையான போர் விமானத்தின் அச்சு அசலான உருவம். பளபளப்பானது, சிறிய இறக்கையுடையது, கனமானது. மூன்றாவது, மிக லேசானது. அகலமான அசையும் பலகைகளைக் கொண்டது. காற்றில் செங்குத்தாகத் தொங்கியபடி ஆடக்கூடியது. நான்காவது, நீண்ட உடலும் நேரான இறக்கையும் கொண்டது. பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது.

வீட்டில் சேர்த்து வைத்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். தவறானதை எடுத்தால் முதல் நாளிலேயே அது வயலில் சிதறலாம். எதை எடுப்பீர்கள்? அவசரப்படாமல் அறிவியலைக் கேட்போம்.

போட்டியில் என்ன கேட்கிறார்கள்?

இவ்விளையாட்டின் முதல் உலகப் போட்டி 1960-ல் சுவிட்சர்லாந்தின் டூபன்டார்ஃப் நகரில் நடந்தது. அமெரிக்காவின் எட் கஸ்மிர்ஸ்கி, ‘ஓரையன்’ என்ற தம் விமானத்தால் வென்றார். இன்று பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பு இதனை ‘எஃப்-3-ஏ’ என்ற பிரிவாக நடத்துகிறது. இதில் பறக்கும் விமானம் 2 மீட்டர் நீளத்தையும் 2 மீட்டர் அகலத்தையும் தாண்டக் கூடாது.

வட்டமாகச் சுழன்று வரும் வளையம், தன் அச்சிலேயே புரளும் உருளல், தலைகீழாகப் பறத்தல், செங்குத்தாக ஏறுதல் ஆகியவை இதில் அடிப்படைப் பயிற்சிகள். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். கோடு ஏறத்தாழ 15 பாகை கோணினால் 1 மதிப்பெண் போய்விடும். மீதி மதிப்பெண்ணை அப்பயிற்சியின் கடினத்துக்கு உரிய எண்ணால் பெருக்குவார்கள். 8 மதிப்பெண் வாங்கிய பயிற்சியின் கடின எண் 3 என்றால் கிடைப்பது 24.

ஆக, நடுவர்கள் பார்ப்பது வேகத்தையோ வர்ணத்தையோ அல்ல. விமானம் வானத்தில் வரையும் கோட்டை. மலைக்காற்று பக்கவாட்டில் தள்ளினாலும் வளையம் வட்டமாகவே தெரிய வேண்டும். கோடு வரைய எப்படிப்பட்ட பேனா வேண்டும்? தன் இஷ்டத்துக்கு ஓடாத பேனா அல்லவா?

தஞ்சாவூர் பொம்மையும் கோலிக்குண்டும்

தலையாட்டும் தஞ்சாவூர் பொம்மையைச் சாய்த்துவிடுங்கள். அது தானாகவே நிமிர்ந்துவிடும். சமதரையில் ஒரு கோலிக்குண்டை வையுங்கள். எங்கே நகர்த்தி வைத்தாலும் அங்கேயே இருக்கும். கவிழ்த்த பானையின் உச்சியில் அதே குண்டை வைத்தால் உருண்டு ஓடிவிடும். முதலாவது உறுதிச் சமநிலை; இரண்டாவது நடுநிலைச் சமநிலை; மூன்றாவது உறுதியற்ற சமநிலை.

பயிற்சி விமானம் தஞ்சாவூர் பொம்மை. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் அது தானே நிமிர்ந்து காப்பாற்றும். ஆனால் நாம் அதைத் தலைகீழாகப் பறக்கச் சொன்னாலும் நிமிரவே முயலும்! சாகச விமானமோ கோலிக்குண்டைப் போல் இருக்க வேண்டும். சாய்த்தால் சாய்ந்தபடியும், கவிழ்த்தால் கவிழ்ந்தபடியும், நாம் விட்ட நிலையிலேயே பறக்க வேண்டும். தானாக எதுவும் செய்யாத விமானமே நல்ல போட்டி விமானம். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்தால் மற்றவை எளிதில் விளங்கும்.

இறக்கையைப் படியுங்கள்

முதலில் விமானத்தை முன்னாலிருந்து பாருங்கள். பயிற்சி விமானத்தின் இரு இறக்கைகளும் நுனியில் சற்று மேல்நோக்கி உயர்ந்திருக்கும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கும்போது, தாழ்ந்த இறக்கையில் காற்று அதிகக் கோணத்தில் மோதும். அந்தப் பக்கம் தூக்குவிசை கூடும், விமானம் நிமிரும். பொம்மையின் ரகசியம் இதுதான். இதில் சுக்கானை மட்டும் திருப்பினாலும் விமானம் உருளத் தொடங்கும். போட்டியில் இது தொல்லை. ஆகவே போட்டி விமானத்தின் இறக்கை ஏறத்தாழ நேராக, உடலின் நடுவிலோ சற்றுக் கீழேயோ அமைந்திருக்கும்.

அடுத்து இறக்கையின் குறுக்குவெட்டைப் பாருங்கள். பயிற்சி விமானத்தில் அடிப்பக்கம் தட்டையாகவும் மேற்பக்கம் வளைந்தும் இருக்கும். நிமிர்ந்து பறக்க இது மிக நல்லது. தலைகீழானால் மூக்கை மிகவும் தூக்கிப் பிடித்தால்தான் உயரம் குறையாது. போட்டி விமானத்தில் மேலும் கீழும் ஒரே அளவு வளைவு. ஆதலால் நிமிர்ந்தும் கவிழ்ந்தும் ஒன்றுபோலப் பறக்கும்.

எடைக் கணக்கு

இப்போது பென்சிலை எடுங்கள். இறக்கையின் நீளம் 130 செ.மீ., சராசரி அகலம் 24 செ.மீ. என்றால் பரப்பு 3,120 சதுர செ.மீ. எடை 1,500 கிராம் என்று கொள்வோம். ஒவ்வொரு 100 சதுர செ.மீ. இறக்கையும் சுமப்பது சுமார் 48 கிராம். அதே இறக்கையில் 2,100 கிராம் எடையை ஏற்றினால் சுமை 67 கிராமாகிறது.

எடை கூடினால் காற்றில் தாங்கி நிற்க வேகமும் கூட வேண்டும். அந்த வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும். எடை 1.4 மடங்கானால், குறைந்தபட்ச வேகம் 1.18 மடங்காகும். இது சிறிய வேறுபாடாகத் தோன்றும். ஆனால் தரையில் மோதும்போது கணக்கு மாறுகிறது. இயக்க ஆற்றல் எடையோடும் வேகத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து வளரும். 1.4-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 1.96. அதாவது எடை 40 சதவீதம் கூடினால், மோதும் ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்கு! கனமான போர் விமான உருவம் ஏன் முதல் நாளிலேயே சிதறுகிறது என்று இப்போது புரிகிறதா?

எடையைத் தாங்கும் இடமும் முக்கியம். தொடக்கத்தில் ஈர்ப்பு மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருப்பது வழக்கம். 24 செ.மீ. அகலமானால் 6 முதல் 8 செ.மீ. வரை. தயாரிப்பாளர் தரும் அளவையும் ஒப்பிடுங்கள். முதலில் முன்பக்க அளவில் வைத்துப் பறக்கவிடுங்கள். பின்னால் தள்ளத் தள்ள விமானம் கோலிக்குண்டு நிலையை நெருங்கும். எல்லை மீறினால் கவிழ்த்த பானைமேல் வைத்த குண்டாகிவிடும்.

இயந்திரமும் வானொலியும்

செங்குத்தாக ஏற, உந்துவிசை விமானத்தின் எடையையும் காற்றின் எதிர்ப்பையும் சேர்த்து வெல்ல வேண்டும். 1,500 கிராம் விமானத்துக்கு அதற்கும் மேற்பட்ட உந்துவிசை தேவை. வானொலிப் பெட்டியில் குறைந்தது நான்கு கட்டுப்பாடுகள் இருக்க வேண்டும்: உருட்ட, மூக்கை ஏற்றி இறக்க, சுக்கானைத் திருப்ப, இயந்திர வேகத்தை மாற்ற. அலைத்தொடர்பு அறுந்தால் இயந்திரம் தானே நிற்கும் வசதியையும் தரையிலேயே சோதித்துப் பாருங்கள். லித்தியம் பாலிமர் மின்கலத்தை மின்னேற்றும்போது அருகிலேயே இருங்கள். சேதமானால் அது தீப்பற்றக்கூடியது.

எவ்வளவு பெரிய விமானம்?

உலகப் போட்டியில் சுமார் 150 மீட்டர் தொலைவில் பறப்பார்கள். மேலே 60 பாகைக் கோணம் வரை இடம் உண்டு. கணக்கிட்டால் உயரம் 260 மீட்டர் வருகிறது. நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, பச்சை மண்டலத்தில் அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய உயரம் 120 மீட்டர். ஆதலால் 2 மீட்டர் விமானம் இப்போது வேண்டாம். சிறிய விமானத்தை 60 மீட்டர் தொலைவில் பறக்கவிட்டால், அதே 60 பாகைக்கு உயரம் 104 மீட்டர்தான், எல்லைக்குள் அடங்கும். உங்கள் ஊர் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதை அரசின் வான்வெளி வரைபடத்தில் முதலில் பாருங்கள். விமானம் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கட்டும். மின்கம்பி, வேலை செய்யும் ஆட்கள், மேயும் மாடுகள் உள்ள பக்கம் பறக்கவிடவே கூடாது.

எதை எடுப்போம்?

முதலாவது நல்ல ஆசிரியர். ஆனால் போட்டிக்கு உதவாது. இரண்டாவது கனமானது. மூன்றாவதன் பெரிய பலகைகள் சிறு அசைவுக்கே துள்ளும்; லேசான உடலைக் காற்று அலைக்கழிக்கும்; நேர்கோடு கடினம். ஆகவே நான்காவதே நம் விமானம். 130 செ.மீ. அளவில், உறுதியான நுரைப்பொருளால் ஆனதாக இருந்தால் இன்னும் நல்லது. உடைந்தாலும் பசையால் வீட்டிலேயே ஒட்டிவிடலாம். பணம் முழுவதையும் விமானத்திலேயே செலவழிக்காதீர்கள். மாற்றுச் சுழல்விசிறிக்கும் இரண்டாவது மின்கலத்துக்கும் மிச்சம் வையுங்கள், பயிற்சி நிற்காது.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானக் கலை கற்பிக்கப்படுகிறது. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் போட்டியும் உண்டு. உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ அப்பிரிவு இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். அனுபவமுள்ளவர் ஒருவர் பக்கத்தில் நிற்பது எந்த விமானத்தையும்விட மேலான பாதுகாப்பு.

செய்து பாருங்கள்

தெர்மோகோல் தட்டில் 30 செ.மீ. நீளமுள்ள ஓர் இறக்கை வெட்டி, மெல்லிய குச்சியில் பொருத்தி, வாலும் வையுங்கள். மூக்கில் களிமண் சேர்த்துச் சமன்செய்யுங்கள். இறக்கையின் நுனிகளை மேல்நோக்கி மடித்து, சற்றே சாய்த்து எறியுங்கள். பிறகு இறக்கையை நேராக்கி அதேபோல் எறியுங்கள். எது தானாக நிமிர்ந்தது? எது சாய்ந்தபடியே சென்றது? பத்து முறை எறிந்து குறித்து வையுங்கள். கடைக்குப் போகும்போது அந்தக் குறிப்பேடும் உங்கள் பையில் இருக்கட்டும்.